பென்ஷன் வந்தது, போக்கிடம் போனது: ஊரடங்கும் ஓய்வுபெற்ற தம்பதியின் வரவு செலவும்

2020 கொரோனா ஊரடங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் கூட்டத்தில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார்: "பென்ஷன்காரங்களுக்கு என்ன, மாசம் பொறந்தா பணம் வந்துடுச்சு, வெளியே போற செலவும் மிச்சம்." வேலை போனவர்களையும், சம்பளம் பாதியானவர்களையும், நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்களையும் நினைத்தால் இந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் அறுபதைத் தாண்டிய ஒரு கணவன் மனைவியின் கணக்கு நோட்டை வரி வரியாகப் பார்த்தால் படம் வேறு. வரவும் குறைந்தது. செலவு சில இடங்களில் இறங்கி, சில இடங்களில் ஏறியது. மிச்சம் என்று தெரிந்த தொகையில் பெரும்பகுதி, அவர்கள் இழந்த பொழுதின் விலை.

எவ்வளவு நாள், யாருக்கு

நாடு தழுவிய ஊரடங்கு 2020 மார்ச் 25-ல் தொடங்கியது. 21 நாள் என்று சொன்னது மூன்று முறை நீண்டு மே 31-ல் முடிந்தது. ஜூனில் தளர்வுகள் வந்தன. சென்னையிலும் சுற்று மாவட்டங்களின் பல பகுதிகளிலும் ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை மறுபடியும் முழு அடைப்பு.

இவை எல்லாருக்கும் பொதுவான தேதிகள். முதியவர்களின் காலண்டர் வேறு. தளர்வு அறிவித்த பிறகும், 65 வயதைக் கடந்தவர்கள் அவசியமின்றி வெளியே வர வேண்டாம் என்ற வரி மத்திய உள்துறையின் வழிகாட்டுதல்களில் தொடர்ந்தது. கணவருக்கு 67, மனைவிக்கு 62 என்றால் விதிப்படி ஒருவர் போகலாம். நடைமுறையில் இருவருமே போகவில்லை. நோயைக் கொண்டுவந்து மற்றவருக்குக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம், பிள்ளைகளின் தொலைபேசி மிரட்டல் வேறு. தமிழ்நாட்டில் பெரிய கோயில்கள் திறந்தது செப்டம்பர் 1-ல். மாவட்டத்துக்குள் பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் அன்றுதான். மெரினா கடற்கரைக்குப் பொதுமக்களை விட்டது டிசம்பர் 14-ல். 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 மார்ச் 1-ல். மூச்சுவிட நேரம் கிடைப்பதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு மாதம் சொச்சமாக இருந்த ஊரடங்கு, இவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது.

வரவு: நிற்கவில்லை, சுருங்கியது

ஓய்வுபெற்ற தம்பதி என்றதும் அரசுப் பென்ஷன்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் மூன்று வகைக் குடும்பங்கள் இருக்கின்றன.

1. அரசுப் பென்ஷன் வாங்குபவர்கள். அடிப்படைத் தொகையோடு விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி சேரும்.

2. தனியார் நிறுவனங்களில் வேலை பார்த்து, வருங்கால வைப்பு நிதியின் 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பென்ஷன் வாங்குபவர்கள். இதில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அகவிலைப்படி கிடையாது.

3. பென்ஷனே இல்லாமல் வட்டியிலும், சிறு வாடகையிலும், பிள்ளைகள் அனுப்பும் பணத்திலும் ஓட்டுபவர்கள்.

முதல் வகையினருக்கு என்ன ஆயிற்று? 2020 ஏப்ரல் 23-ல் மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தது. 17 சதவீதத்திலேயே 2021 ஜூன் வரை நின்றது. நிறுத்தாமல் இருந்திருந்தால் 2020 ஜனவரியில் 21, ஜூலையில் 24, 2021 ஜனவரியில் 28 என்று ஏறியிருக்கும். அடிப்படைப் பென்ஷன் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் மாதத்துக்கு 800, அடுத்த ஆறு மாதம் 1,400, கடைசி ஆறு மாதம் 2,200 என்று விட்டுப்போனது. கூட்டினால் 26,400 ரூபாய். பின்னால் விகிதத்தை உயர்த்தினார்கள். இந்த 18 மாத நிலுவை வரவில்லை.

தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் இழப்பு. மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து 31 சதவீதம் கணக்கிட்டது. மாநிலத்தில் 17-லிருந்து 31-க்குப் போனது 2022 ஜனவரி 1 முதல். அதே 20,000 ரூபாய்க்கு அந்த ஆறு மாதத்தில் மாதம் 2,800 வீதம் இன்னொரு 16,800.

மற்ற இரு வகையினரை அடித்தது வட்டி. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-லும் மே 22-லும் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனின் வட்டியைக் குறைத்து, 5.15-லிருந்து 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. வீட்டுக் கடன் வாங்கியவருக்கு இது நல்ல செய்தி. வைப்புத்தொகை வட்டியில் சாப்பிடுகிறவருக்கு அப்படியே தலைகீழ். தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி 2020 ஏப்ரல் 1 முதல் 8.6-லிருந்து 7.4 சதவீதமாக இறங்கியது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் பணம் போட்ட நாளில் இருந்த வட்டிதான் ஐந்து வருடத்துக்கும். அதனால் 2019-ல் போட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டிக்கொண்டவர், 2015 ஏப்ரலில் போட்டு 2020 ஏப்ரலில் முதிர்வு வந்தவர். அவருக்கு அதுவரை 9.3 சதவீதம். அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்தைப் போட்டிருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 34,875 ரூபாய் வந்திருக்கும். அதே பணத்தைத் திரும்பப் போட்டால் 27,750. வருடத்துக்கு 28,500 ரூபாய் துண்டு விழுகிறது. செலவைக் குறைத்தால்தான் ஈடுகட்ட முடியும் என்ற நிலை, வெளியே போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்பே வந்துவிட்டது.

2021 மார்ச் 31 இரவு இன்னொரு கூத்து. இதே வட்டியை 6.5 சதவீதமாகக் குறைத்து உத்தரவு வந்தது. மறுநாள் காலையிலேயே, கவனக்குறைவாக வெளியான உத்தரவு என்று நிதியமைச்சர் திரும்பப் பெற்றுக்கொண்டார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவுக்கு அப்போது ஐந்தே நாள் இருந்தது. கவனக்குறைவு எந்த உத்தரவில் என்பதை அவரவர் யூகத்துக்கு விடலாம்.

செலவு: இறங்கியதும் ஏறியதும்

இறங்கியவற்றில் ரயில், ஓட்டல், ஜவுளி என்று எல்லாரும் சொல்லும் பட்டியலைக் கடந்து, பெரிதாக ஒன்று இருக்கிறது: விசேஷச் செலவு. ஓய்வுபெற்றவர்களுக்குப் பிள்ளைகளின் கல்யாணம் முடிந்திருக்கும், ஆனால் மொய்க் கடன் முடிந்திருக்காது. தன் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் திரும்பப் போயாக வேண்டும். வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், சஷ்டியப்தபூர்த்தி. ஒவ்வொன்றுக்கும் மொய், வண்டிச் செலவு, அம்மாவுக்கு ஒரு புடவை. கல்யாணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாடு வந்ததும் அழைப்பே நின்றது. போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அது சிலருக்குப் பெரிய நிம்மதி என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மொய் ஒரு கணக்கு வழக்கு. எழுதாமல் விட்டது நோட்டில் பாக்கியாக நிற்கும். பலர் பணத்தை ஃபோனிலேயே அனுப்பிவிட்டார்கள். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்காகவே கியூஆர் கோடு அச்சடித்தது செய்தியானது.

ஏறியவை:

1. மின்கட்டணம். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அன்றைய கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஒரு விலைப்பட்டியல். ஒரு யூனிட் தாண்டினாலும் வேறு பட்டியல், அதுவும் 101-ஆவது யூனிட்டிலிருந்தே. 500 யூனிட்டுக்கு நிலைக்கட்டணம் சேர்த்து 1,130 ரூபாய். 510 யூனிட்டுக்கு 1,846. பத்து யூனிட்டுக்கு 716 ரூபாய்! சித்திரை வெயிலில் இருவரும் நாள் முழுக்க வீட்டில். பெங்களூரிலிருந்து மகன் லேப்டாப்போடு வந்து சேர்ந்த வீடுகளில் ஏசியும் பகலெல்லாம் ஓடியது. வழக்கமாக 500-க்குள் நின்ற வீடுகள் கோட்டைத் தாண்டின. போதாக்குறைக்கு, ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, கட்டிய தொகையைக் கழித்தார்கள். தொகையைக் கழிக்காமல் யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போய், தள்ளுபடியானது.

2. காய்கறி. கோயம்பேடு சந்தை நோய்ப் பரவல் மையமாகி, மே 5-ல் மூடப்பட்டு, மே 10 முதல் திருமழிசையில் இயங்கியது. விலை ஏறியதைவிட முக்கியம், பேரம் போனது. நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வாங்குபவர், வாசலில் நின்ற வண்டிக்காரர் சொன்ன விலைக்கு வாங்கினார். சந்தையை நன்றாக அறிந்த முதியவர்களின் ஒரு திறமை இதில் செல்லாக்காசானது.

3. மருத்துவம். வழக்கமான பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டதால் சில மாதம் செலவு குறைந்தது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கிவைத்தது, ஆக்சிமீட்டர், முகக்கவசம், கபசுரக் குடிநீர்ப் பொடி என்று மறுபக்கம் ஏறியது. காப்பீட்டில் இன்னொரு சிக்கல். 2020 ஜூலையில் வந்த 'கொரோனா கவச்' பாலிசியில் சேரும் வயது 18 முதல் 65 வரை. நோய் யாரை அதிகம் தாக்குமோ, அவர்களுக்கே கதவு அடைப்பு.

4. இணையம். டேட்டா பேக், சில வீடுகளில் புதிதாக ஒரு ஸ்மார்ட்ஃபோன், பிள்ளைகள் சொல்லி இழுத்த பிராட்பேண்ட் இணைப்பு. இது ஒருமுறைச் செலவாக வந்து மாதச் செலவாகத் தங்கிவிட்டது.

வேலை என்ற பெயரில் போன பொழுது

சரி, பணக் கணக்கு இவ்வளவுதான். பலரும் கவனிக்காத பகுதி இனிமேல்தான்.

நம் ஊரில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்பார். ஆனால் காலை பத்து மணிக்கு வீட்டில் இருக்க மாட்டார். பாஸ்புக்கில் வரவு பதிய வங்கிக்குப் போயிருப்பார். கரண்ட் பில் கட்டப் போயிருப்பார். ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறதா என்று பார்த்து வருவார். பாஸ்புக் பதியும் வேலை பத்து நிமிடம். ஆனால் வரிசையில் பழைய அலுவலக நண்பர் நிற்பார், இருவருமாக எதிரே காபி குடிப்பார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்ற சேதி கைமாறும், திரும்பும் வழியில் அரைக் கிலோ கத்தரிக்காய். சினிமா டிக்கெட் போலத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொழுதுபோக்கு இவருக்கு இல்லை. செலவு செய்யும் வழியிலேயே பொழுது போய்விடும்.

இதன் உச்சம், வருடாந்திர நேர்காணல். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் கருவூலத்துக்கு நேரில் போவது அப்போதைய வழக்கம். வெயிலில் காத்திருக்கும் சிரமம் ஒருபக்கம். மறுபக்கம், ஒரே துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரே வாசலில் கூடும் நாள் அது. யார் வரவில்லை என்பதும் அங்கேதான் தெரியவரும். 2020, 2021 இரண்டு வருடமும் அரசு இதற்கு விலக்கு அளித்தது. மத்திய அரசும் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழுக்கு 2021 பிப்ரவரி வரை அவகாசம் தந்தது. முதியவர்களைக் கூட்டத்தில் நிறுத்தாதது சரியான முடிவுதான். அதோடு அந்தக் கூடுகையும் போனது.

இப்போது, செலவை ஃபோனுக்கு மாற்றியதும் என்ன நடந்தது என்பது புரியும். பில்லை மகள் அமெரிக்காவிலிருந்தே கட்டிவிட்டாள், மளிகை வாசலுக்கு வந்தது, மாத்திரை கூரியரில் வந்தது. அலைச்சல் மிச்சம் என்று பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அப்பாவுக்கு நாளின் பாதி காலியானது. கூடவே கணக்கு நோட்டும் அவர் கையைவிட்டுப் போனது. எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்தவருக்கு, குறுஞ்செய்தியில் வரும் "டெபிட்" செலவாகவே தோன்றாது. அல்லது ஒவ்வொன்றும் மோசடியோ என்று பயம் வரும்.

மனைவிக்கு ஓய்வு எங்கே

ஓய்வு என்ற கணக்கில் கணவனையும் மனைவியையும் ஒரே தட்டில் வைப்பது பெரிய தப்பு. கணவருக்கு 58-லோ 60-லோ ஓய்வு வந்துவிட்டது. வீட்டு வேலைக்கு ஓய்வு வயது இல்லை. அலுவலகம் போய்வந்த பெண்களுக்கும் இதே கதைதான்.

மனைவியின் ஓய்வு நேரமும் வெளியேதான் இருந்தது: பிரதோஷத்துக்குக் கோயில், செவ்வாய் வெள்ளி விளக்கு, பாராயணக் குழு, தங்கை வீடு. ஊரடங்கு அதை அடைத்தது. வேலை செய்ய வரும் அம்மாவை வர வேண்டாம் என்று சொன்னார்கள். சில வீடுகளில் சம்பளம் கொடுத்தார்கள், சில வீடுகளில் இல்லை. பாத்திரமும் துணியும் இவர் தலையில். வெளியே காபி குடித்தவர் வீட்டில் நாலு முறை கேட்டார். பதினொரு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று. ஓட்டல் செலவில் மிச்சமான பணத்துக்கு ஈடான உழைப்பு அடுக்களையில் போட்டதுதான். அது எந்த நோட்டிலும் ஏறவில்லை. கணவர்கள் வெங்காயம் நறுக்கவும் துணி காயப்போடவும் கற்றுக்கொண்ட வீடுகளும் உண்டு. எத்தனை வீடுகளில் அது ஊரடங்குக்குப் பின் நீடித்தது என்பதை அந்தந்த வீட்டு அம்மாக்களிடம்தான் கேட்க வேண்டும்.

திரைக்கு மாறிய பொழுது

வழக்கமான ஆறுதலான சீரியலும் மார்ச்சிலேயே நின்றது, படப்பிடிப்பு நடக்கவில்லை. சேனல்கள் பழைய தொடர்களைத் தூசி தட்டி ஒளிபரப்பின. மதுரை சித்திரைத் திருவிழாவில் தேரும் இல்லை, அழகர் ஆற்றில் இறங்கவும் இல்லை. மே 4-ல் மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, மக்கள் இணையத்தில் பார்த்தார்கள். ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்து தாலிக் கயிறு மாற்றிக்கொண்ட பெண்கள் நிறைய. டிசம்பரில் சென்னை இசை விழாவும் இணையத்துக்கு வந்தது. இதில் ஒரு லாபம் உண்டு: முழங்கால் வலியால் சபா படியேற முடியாதவரும், திருநெல்வேலியில் இருப்பவரும் கச்சேரி கேட்டார்கள். கேன்டீன் அடையும் அக்காரவடிசலும் மட்டும் திரையில் வரவில்லை. ரசிகர்களில் பாதிப் பேர் எதற்காகச் சபாவுக்குப் போகிறார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கு அந்த வருடம் ஓரளவு விடை கிடைத்திருக்கும்.

மிச்சம் என்று கணக்கில் வந்தது எது

2020 ஏப்ரல்–ஜூனில் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, நாட்டின் மொத்த உற்பத்தியில் 21 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது. அடுத்த காலாண்டிலேயே அது 10.4 சதவீதத்துக்கு இறங்கியது. 21 என்பதைக் கேட்டு மக்கள் பணத்தில் புரண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுக்கும் எண்ணான உற்பத்தியே அந்தக் காலாண்டில் கிட்டத்தட்ட கால்பங்கு விழுந்திருந்தது. அதோடு, சேமிப்பில் இரண்டு வகை கலந்திருக்கிறது.

முதலாவது கட்டாயச் சேமிப்பு: செலவழிக்க ஆசை இருந்தும் வழியில்லாததால் தங்கிய பணம். திருப்பதி போக எடுத்துவைத்தது, பேரனைப் பார்க்கப் போக டிக்கெட்டுக்கு வைத்தது. கதவு திறந்ததும் இது செலவாகிவிடும்.

இரண்டாவது முன்னெச்சரிக்கைச் சேமிப்பு. ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கேட்டால் என்ன செய்வது என்று ஒதுக்கிய பணம். தனியார் மருத்துவமனைகளின் கொரோனா பில்கள் லட்சக்கணக்கில் போன செய்திகளைப் படித்தவர்கள், வைப்புத்தொகையை நீண்டகாலத்துக்குப் பூட்டாமல், வட்டி குறைந்தாலும் பரவாயில்லை என்று சேமிப்புக் கணக்கிலேயே போட்டுவைத்தார்கள். கதவு திறந்தாலும் இந்தப் பணம் லேசில் வெளியே வராது. வேலையில் இருப்பவர் இழந்ததை மறுபடி சம்பாதிக்கலாம். இவர்களுக்கு அந்த வழி இல்லை என்பதால் பயத்தின் பங்கு கூடுதல்.

எது திரும்பியது, எது திரும்பவில்லை

கோயில், கல்யாணம், காலை நடை மூன்றும் கதவு திறந்த வேகத்தில் திரும்பின. மொய்யும் தான். பாஸ்புக் வரிசை பாதிதான் திரும்பியது. ஃபோனில் பழகியவர்கள் பழகிவிட்டார்கள். வாழ்நாள் சான்றிதழை வாங்கத் தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை எடுக்கும் சேவை 70 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். நடக்க முடிந்தவரும் அதையே தேர்ந்தெடுக்கும்போது கருவூல வாசல் கூட்டம் மெலிகிறது.

பயத்தால் வந்த மாற்றம் பயம் தீர்ந்ததும் போனது. விதியை மாற்றியதால் வந்த மாற்றம் போகவில்லை. அதற்குத் தெளிவான உதாரணம் ரயில் சலுகை. 60 வயது ஆண்களுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதம் தள்ளுபடி இருந்தது. முதியவர்கள் தேவையில்லாமல் பயணம் செய்யாமல் இருக்கட்டும் என்று 2020 மார்ச் 20 முதல் அதை நிறுத்தினார்கள். ரயில்கள் எல்லாம் ஓடத் தொடங்கி வருடங்கள் ஆகியும் சலுகை திரும்பவில்லை. எல்லாப் பயணிகளுக்குமே கட்டணத்தில் ஏற்கெனவே பெரிய மானியம் தருகிறோம் என்பது ரயில்வேயின் பதில்.

அடிப்படைக் கட்டணம் ஆளுக்கு 1,000 ரூபாய் என்றால் முன்பு கணவருக்கு 600, மனைவிக்கு 500. போய்வர இருவருக்கும் 2,200. இப்போது 4,000. இதற்கு நடுவே 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆக, பக்கத்துக் கோயிலுக்கு மனைவி காசில்லாமல் போய்வருகிறார். காசிக்கோ பேத்தி வீட்டுக்கோ போவதென்றால் இருவரும் முழு டிக்கெட் எடுக்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு முறை போனவர்கள் ஒருமுறை போகிறார்கள்.